மேற்கோள் குறி செய்த குற்றம் என்ன?

எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் என்னும் இணையப் பாதுகாப்புக் குறைபாட்டைப் பற்றி முதன்முதலில் படித்தபோது, மொழியியல் மாணவனான எனக்கு அது மேற்கோள் பற்றிய பழைய சிக்கலாகவே தோன்றியது.

"கதவைத் திற என்று கடிதத்தில் எழுதியிருந்தது" என ஒருவர் சொன்னால், கேட்பவர் எழுந்துபோய்க் கதவைத் திறப்பதில்லை. 'என்று' என்னும் சொல், முன்னால் வந்தது பிறர் கூற்று எனப் பிரித்துக் காட்டிவிடுகிறது. தரவுத்தளத்தோடு பேசும் எஸ்கியூஎல் மொழியில் அவ்வேலையைச் செய்வது ஒற்றை மேற்கோள் குறி. தேடல் பெட்டியில் கபிலன் எனத் தட்டினால், நிரல் அதை இப்படி ஒரு நிபந்தனையாக்கி அனுப்புகிறது (ஆங்கிலக் கட்டளைச் சொற்களைத் தமிழாக்கித் தருகிறேன்):

பெயர் = 'கபிலன்'

ஒருவர் பெயருக்குப் பதிலாக, கபிலன்' அல்லது '1'='1 எனத் தட்டினால் நிபந்தனை இவ்வாறு மாறும்:

பெயர் = 'கபிலன்' அல்லது '1'='1'

ஒன்றுக்கு ஒன்று எப்போதும் சமம். ஆகவே பட்டியலில் உள்ள அனைவரின் விவரமும் வந்து விழும். பயனர் இட்ட குறி மேற்கோளை முன்கூட்டியே முடித்துவிட்டது. அதன்பின் அவர் பேசியது நிரலரின் ஆணையாகிவிட்டது.

இது புதிய செய்தி அன்று. ஜெஃப் ஃபாரிஸ்டால் 1998 டிசம்பரிலேயே ஃப்ராக் மின்னிதழில் புனைபெயரில் இதை விளக்கி எழுதினார். ஆயினும் 2015இல் பிரித்தானியாவின் டாக்டாக் நிறுவனத்தில் ஏறக்குறைய 1,57,000 வாடிக்கையாளரின் விவரங்கள் இதே வழியில் களவுபோயின. வேறொரு நிறுவனத்தை வாங்கியபோது கூடவே வந்த பழைய வலைப்பக்கங்கள்தாம் வாயில். மறு ஆண்டு அந்நாட்டுத் தகவல் ஆணையர் அலுவலகம் 4 லட்சம் பவுண்டு தண்டம் விதித்தது.

இந்த அச்சத்தில் பலர் கைக்கொள்ளும் மருந்து, மேற்கோள் குறியையே தடைசெய்வது. என் கவலை இங்கேதான் தொடங்குகிறது.

மேகாலயத்தின் காரோ மக்கள் தம்மை அ'ச்சிக் என்பர். நடுவிலுள்ள குறி, தொண்டையில் காற்று ஒரு கணம் தடைபட்டு வெளிப்படும் ஒலியைக் காட்டுகிறது. ராக்கா என்பது அதன் பெயர். அச்சில் நடுப்புள்ளியாகவும் வரும். விசைப்பலகையில் தட்டுவோர் பெரும்பாலும் ஒற்றை மேற்கோள் குறியையே இடுகின்றனர். அவர்களுக்கு அது நிறுத்தற்குறி அன்று, எழுத்து. ஓர் ஆய்வரங்கின் இணையப் படிவத்தில் என் கட்டுரைத் தலைப்பை இட்டபோது, 'சிறப்புக் குறியீடுகளுக்கு அனுமதியில்லை' என்று வந்தது. எழுதிக் கேட்டேன். "பாதுகாப்புக் காரணம், குறியை நீக்கிவிட்டு அனுப்புங்கள்" என்றார்கள். எனக்கு அது ஒரு தலைப்பு. ஆனால் சான்றிதழிலோ வங்கிக் கணக்கிலோ தம் பெயரே இப்படித் திருத்தப்படுவோர்க்கு? அயர்லாந்தின் ஓ'பிரையன்களும் இதே துன்பத்தை அறிவார்கள்.

இத்தடையால் பாதுகாப்பாவது கிடைக்கிறதா என்றால், அதுவும் முழுமையாக இல்லை. எண் கேட்கும் இடங்களில் மேற்கோள் குறியே தேவையில்லை; 7 அல்லது 1=1 எனத் தட்டினால் போதும். பிழை குறியில் இல்லை. ஆணையையும் தரவையும் ஒரே சரமாக ஒட்டி அனுப்பும் பழக்கத்தில் இருக்கிறது.

சரியான தீர்வு நெடுங்காலமாகக் கையில் உள்ளது. பெயர் வரவேண்டிய இடத்தைக் காலியாக விட்டு ஆணையை மட்டும் முதலில் அனுப்புவது. தரவுத்தளம் அதன் இலக்கணத்தைப் பகுத்து முடித்தபின் பெயரைத் தனியே தருவது. பிறகு அப்பெயரில் என்ன எழுதியிருந்தாலும் அது பெயராகவே தேடப்படும், ஆணையாகப் படிக்கப்படாது. பிரிபேர்டு ஸ்டேட்மென்ட் எனப்படும் இவ்வசதி, பரவலாகப் புழங்கும் நிரல்மொழிகள் எல்லாவற்றிலும் கிடைக்கிறது. அட்டவணையின் பெயரையே பயனர் தேர்வு செய்வது போன்ற சில இடங்களில் மட்டும், அனுமதித்த பெயர்களின் பட்டியல் ஒன்றை வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

படிவங்களை உருவாக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு குறியைத் தடைசெய்யுமுன், அது யாருடைய மொழியில் எழுத்தாக இருக்கிறது என்று கேளுங்கள். நிரலைத் திருத்தச் சில வரிகள் போதும். மக்களிடம் போய் அவர்கள் பெயரைத் திருத்திக்கொள்ளச் சொல்வது முறையன்று.