முடிச்சூர் சாலையில் பம்ப்பு பிரிக்கிறார்கள்

சென்னையை அடுத்த பெருங்களத்தூரிலிருந்து வண்டலூர் போகிற ஜி.எஸ்.டி. சாலையில் இன்று ஐ.டி. கட்டடங்கள் நிற்கும் பக்கத்தில் ஒரு காலத்தில் கார் செய்தார்கள். ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனியின் ஹெரால்டு 1961இல் வந்தது. 1970களில் கெஸல், 1985இல் ஸ்டாண்டர்ட் 2000. 1988இல் ஆலையை மூடிவிட்டார்கள். கம்பெனி போய்விட்டது, வண்டிகள் போகவில்லை. இன்றும் ஒன்றிரண்டு ஹெரால்டு ஓடுகின்றன என்றால் அதற்குக் காரணம் தகரக் கூரைக்கடியில் உட்கார்ந்திருக்கும் சில மனிதர்கள்தான்.

அப்படி ஒருவரைப் பார்க்க முடிச்சூர் சாலைக்குப் போயிருந்தேன். பட்டறையில் அன்று இரண்டு வண்டிகள், ஒரு ஹெரால்டும் ஒரு சான்ட்ரோவும். இரண்டுக்கும் ஒரே புகார்: இன்ஜினுக்குப் பெட்ரோல் வரவில்லை.

ஹெரால்டு சொந்தக்காரர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "கேம்ப் ரோடு வரைக்கும் நல்லா வருது தம்பி, அப்புறம் திணறுது. பம்ப்பை மாத்திடு" என்றார். "மாத்தறது இருக்கட்டும் சார். முதல்ல தப்பு அதோடதுதானான்னு பார்த்துடுவோம்" என்றார் மேஸ்திரி.

இந்த 'முதல்ல பார்த்துடுவோம்' இருக்கிறதே, அதுதான் தொழில். பம்ப்பைக் கழற்றி மாட்ட யாராலும் முடியும். மேஸ்திரி முதலில் டேங்க் மூடியைத் திறந்து காது கொடுத்தார். மூடியில் காற்றுத் துளை அடைத்திருந்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, நல்ல பம்ப்பும் இழுக்காது. அங்கே கோளாறில்லை. அடுத்து ரப்பர் ஹோஸை வளைத்து வளைத்துப் பார்த்தார். ஒரு கீறல் போதும், பெட்ரோலுக்குப் பதில் காற்றை இழுக்கும். அதுவும் சரி. பிறகு கார்பரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, "செல்ஃப் அடி" என்று பையனிடம் சொன்னார். விட்டுவிட்டுப் பீய்ச்ச வேண்டிய பெட்ரோல் நூலாக வழிந்தது. பம்ப்பின் அடி உடம்பில் சின்னத் துளை ஒன்று உண்டு. அதைச் சுற்றி ஈரம். கடைசியாக ஆயில் குச்சியை உருவி முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். ஆயிலில் பெட்ரோல் வாடை. பம்ப்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்கிற சவ்வு கிழிந்து, பெட்ரோல் கீழே இறங்குகிறது. ஆயில் நீர்த்துப்போனால் பேரிங் தேயும். இதைப் பார்க்காமல் ஓட்டியிருந்தால் பம்ப்போடு போயிருக்காது.

அந்தப் பம்ப்பின் வேலை எளிது. கேம் ஷாஃப்ட் சுற்றும்போது ஒரு நெம்புகோலைத் தள்ளும். அது டயாஃப்ரத்தைக் கீழே இழுக்க, பெட்ரோல் உள்ளே வரும். ஸ்பிரிங் டயாஃப்ரத்தை மேலே தள்ள, பெட்ரோல் கார்பரேட்டருக்குப் போகும். கார்பரேட்டர் நிறைந்துவிட்டால் டயாஃப்ரம் கீழேயே நிற்கும், நெம்புகோல் மட்டும் சும்மா ஆடும். மின்சாரம் கிடையாது, சென்சார் கிடையாது.

ஸ்க்ரூவில் கை வைக்கும் முன் மேல் பாதிக்கும் கீழ்ப் பாதிக்கும் குறுக்கே அரத்தால் ஒரு கோடு போட்டார். மறுபடி பூட்டும்போது குழாய் திசை மாறாமலிருக்க. பழைய டயாஃப்ரத்தை வெளிச்சத்தில் பிடித்தபோது மயிரிழை அளவு விரிசல் தெரிந்தது. புதுக் கிட் ஜி.பி. ரோட்டில் தேடி வாங்கி வைத்திருந்தார். ஸ்க்ரூக்களைத் தளர்வாக மாட்டி, நெம்புகோலை முழுக்க அமுக்கிப் பிடித்தபடி எதிரெதிர் ஸ்க்ரூவாக முறுக்கினார். அமுக்காமல் முறுக்கினால் டயாஃப்ரம் விறைப்பாக உட்கார்ந்து, முதல் நூறு கிலோமீட்டரிலேயே ஓரம் கிழியும் என்றார்.

இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர் அதைத் தாங்காது, உப்பும் அல்லது வெடிக்கும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எத்தனாலுக்கு ஒத்துவரும் கிட்டும் ஹோஸும்தானா என்று கேட்டு வாங்க வேண்டும். மே மாதப் பிரச்சினை வேறு. சூட்டில் குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடும். பம்ப்பின் மேல் ஈரத்துணி போட்டு ஆறவிடுவது டாக்சிக்காரர்கள் காலத்து வைத்தியம், இன்றும் பலிக்கிறது.

சான்ட்ரோ கதை சுருக்கமானது. அதன் பம்ப்பு டேங்குக்குள்ளேயே மூழ்கியிருக்கும் மின்சாரப் பம்ப்பு. சாவி போட்டால் பின் சீட்டுக்கடியில் இரண்டு நொடி 'ஊம்' என்று கேட்க வேண்டும், கேட்கவில்லை. ஃபியூஸ், ரிலே பார்த்தார். டெஸ்ட் லேம்ப் எரிந்தது, மின்சாரம் வருகிறது. டேங்க் அடியில் ரப்பர் சுத்தியால் தட்டியதும் பம்ப்பு முனகி ஓடியது. பிரஷ் தேய்ந்துவிட்டது, மாற்றியே ஆக வேண்டும். "எப்பவும் ரிசர்வ்லயே ஓட்டுவீங்களா?" என்று அதன் சொந்தக்காரரிடம் கேட்டார். அந்த மோட்டாரைக் குளிர்விப்பது சுற்றியிருக்கும் பெட்ரோல்தான்; அது குறைந்தால் சூடேறிச் சாகும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, சேறும் தண்ணீரும் புகுந்த டேங்குகளை வாரக்கணக்கில் இறக்கிக் கழுவியதாகச் சொன்னார்.

அன்று சான்ட்ரோவின் டேங்க் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது; பம்ப்பைக் கழற்றும் முன் பெட்ரோலை வெளியே எடுக்க வேண்டும். பேட்டரி ஒயரைக் கழற்றியதும் பையன் ஒரு ஹோஸை டேங்குக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து இழுத்தான். பெட்ரோல் வந்ததும் துப்பிவிட்டுக் கேனில் விட்டான். எனக்குப் பதறியது. நுரையீரலுக்குள் கொஞ்சம் இறங்கினாலும் ஆளைச் சாய்த்துவிடும். அதிலுள்ள பென்சீன் ரத்தப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. "பழகிடுச்சுண்ணே" என்றான். மேஸ்திரியின் கைகளைப் பார்த்தேன். பெட்ரோலிலேயே கழுவிக் கழுவி விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது.

அமுக்கினால் பெட்ரோலை இழுக்கும் ரப்பர் பல்பு வைத்த குழாய் ஸ்பேர்ஸ் கடைகளில் கிடைக்கிறது, பெரிய விலையில்லை. நான் ஒன்று வாங்கிப்போய்க் கொடுத்தேன். உங்கள் வண்டியை விடும் பட்டறையில் அது இல்லையென்றால் கையுறையோடு சேர்த்து நீங்களும் ஒன்று வாங்கிக் கொடுங்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.