நான்கு பக்கமும் கடைசி வரியும்

தலைக்கவசம் அணிந்த பருத்த மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரள்வதுதான் அமெரிக்கக் காற்பந்து என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். கையால் எறிந்து கையால் பிடித்துவிட்டு அதற்குப் போய்க் காற்பந்து என்று பெயர் வைத்திருக்கிறார்களே என்று கேலியும் பேசியிருக்கிறேன். அப்படிப் பேசித் திரிந்த என்னை 2007 ஆகஸ்டில், மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ், ஒரு பருவம் படிப்பதற்காக நியூ ஜெர்சிக்கு அனுப்பி வைத்தார்கள். அங்கே என் தாய்மாமா இருந்தார்.

மாமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அம்மாவுக்கு ஒரே அண்ணன். படிக்கப் போனவர் அங்கேயே வேலை தேடிக்கொண்டு தங்கிவிட்டார். 1999இல் ஈப்போவில் பாட்டி இறந்தபோது அவர் வரவில்லை. நிரந்தரவாசத்திற்கான தாள்கள் பாதியில் நின்றிருந்தன; வெளியே வந்தால் திரும்பிப் போக முடியாத நிலை. அம்மா அதை ஒரு காரணமாகவே ஏற்கவில்லை. அன்றிலிருந்து அண்ணன் தங்கை இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. என்னை விமான நிலையத்தில் வழியனுப்பியபோதுகூட, "போய்ப் பாரு, மரியாதையா நடந்துக்க" என்றாரே தவிர, கேட்டதாகச் சொல் என்று ஒரு வார்த்தை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமா வீட்டில் சாப்பாடு. அதற்குக் கட்டணம், அவரோடு உட்கார்ந்து நியூயார்க் ஜயண்ட்ஸ் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். (பெயர்தான் நியூயார்க். அந்தக் குழுவின் அரங்கம் இருப்பது நியூ ஜெர்சியில். இதில் மாமாவுக்குத் தனிப் பெருமை.) முதல் வாரம் நான் பந்து போகும் திசையிலேயே கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தேன். மாமா தடுத்தார்.

"பந்தப் பாக்காதடா. பந்து போன பிறகு எல்லாருந்தான் பாப்பாங்க. முன்னால குனிஞ்சு நிக்கிறாங்க பாரு, அந்த அஞ்சு பேரப் பாரு. ஆட்டமே அங்கதான்."

அதன் பிறகுதான் எனக்கு அந்த ஆட்டம் புரியத் தொடங்கியது. தெரியாத நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பக்கத்துக்குப் பதினொருவர். பந்து வைத்திருக்கும் குழுவுக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் 10 கெஜம், அதாவது ஏறக்குறைய 9 மீட்டர், முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு. பந்தை எறிபவர் குவாட்டர்பேக். அவருக்கு முன்னால் ஐந்து பேர் சுவர்போல் நின்று காப்பார்கள். எதிரணி அந்தச் சுவரைத் தாண்டி வந்து அவரைச் சாய்க்கப் பார்க்கும். வந்து சேர இரண்டரை வினாடியா, நான்கு வினாடியா என்பதில்தான் வெற்றி தோல்வி இருக்கிறது.

டிசம்பர் 29, 2007 அன்று மாமா வீட்டில் பார்த்த ஆட்டம்தான் அந்த ஆண்டில் நான் அங்கே பார்த்த கடைசி ஆட்டம். எதிரணி நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ். அதுவரை ஆடிய 15 ஆட்டங்களிலும் வென்றிருந்தார்கள். ஜயண்ட்ஸுக்கு அடுத்த சுற்று ஏற்கெனவே உறுதியாகிவிட்டது. ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான். முக்கிய ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு கொடுத்திருக்கலாம். பயிற்றுநர் டாம் காஃப்லின் கொடுக்கவில்லை. மூன்றாவது கால்பகுதியில் 28–16 என்று முன்னிலை! பிறகு டாம் பிரேடி எறிந்த நீளமான பந்தை ரேண்டி மாஸ் தவறவிட்டார். அடுத்த முயற்சியிலேயே அதே எறி, அதே மாஸ், 65 கெஜம். முடிவு 38–35, நியூ இங்கிலாந்துக்கு. 16 ஆட்டம், 16 வெற்றி. மாமா தொலைக்காட்சியை அணைத்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இன்னொரு தடவ கெடச்சா இவங்கள அடிச்சிடலாம்" என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் மலேசியா திரும்பிய பிறகு ஜயண்ட்ஸ் தம்பா பேயை வென்றது, டல்லாஸை வென்றது. ஜனவரி 20 அன்று, எலும்பை உறைய வைக்கும் குளிரில், கிரீன் பேயைக் கூடுதல் நேரத்தில் 23–20 என்று வென்றது. எதிர்பார்க்காதது நடந்துவிட்டது: பிப்ரவரி 3, 2008, அரிசோனாவில் சூப்பர் பவுல், அதே பேட்ரியட்ஸ், அதே ஜயண்ட்ஸ். மாமா மின்னஞ்சல் அனுப்பினார். "நாலு மாசம் படிச்சல்ல? ஆட்டம் எப்படிப் போகும்னு ஒரு ஆய்வு எழுதி அனுப்பு. தமிழ்ல எழுது. தமிழ் படிச்சு நாளாச்சு."

தைப்பூச விடுமுறைக்கு ஈப்போ வீட்டுக்குப் போயிருந்தபோது அதை எழுதினேன். எஸ்.பி.எம். தேர்வுக் கட்டுரைகளை நீக்கிவிட்டால், நான் தமிழில் எழுதிய முதல் கட்டுரை அதுதான். சொற்களுக்குப் பட்டபாடு கொஞ்சமல்ல. குவாட்டர்பேக்கை 'எறிநாயகன்' என்று எழுதி, திரைப்படப் பெயர் போல இருந்ததால் அடித்தேன். ஐந்தாறு பேர் ஒரேயடியாகப் பாய்ந்து தாக்குவதை 'பிளிட்ஸ்' என்பார்கள். அதற்குப் 'பாய்ச்சல்' என்று வைத்தேன். சாப்பாட்டு மேசையில் நான்கு பக்கம் நிரம்பியது. அந்தத் தாள்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

முதல் பக்கத்தில் பேட்ரியட்ஸின் பலம். பருவத்தில் 589 புள்ளிகள், அன்றைய நிலையில் அது சாதனை. பிரேடி 50 டச்டவுன் எறிகள். மாஸ் பிடித்தவை 23. குட்டையான எறிகளுக்கு வெஸ் வெல்கர், 112 பந்துகள். அடுத்தடுத்த சுற்றுகளையும் சேர்த்து 18 ஆட்டம், 18 வெற்றி. இறுதியாட்டத்தையும் வென்று தோல்வியே இல்லாமல் ஒரு பருவத்தை முடித்த ஒரே குழு 1972இன் மயாமி டால்பின்ஸ்தான்.

இரண்டாம், மூன்றாம் பக்கங்களில்தான் என் வாதம். பிரேடியைப் பாய்ச்சலால் பிடிக்க முடியாது. ஆறு பேர் பாய்ந்தால் பின்னால் காவலுக்கு ஐந்து பேர்தான் மிஞ்சுவார்கள். எங்கே ஓட்டை என்று அவர் கண் உடனே கண்டுவிடும். நான்கே பேரை அனுப்பி, ஏழு பேரைப் பின்னால் நிறுத்த வேண்டும். அதாவது நான்கு பேர் ஐந்து பேரைத் தாண்ட வேண்டும். எல்லாக் குழுவாலும் இது ஆகாது. ஜயண்ட்ஸால் ஆகும். அந்தப் பருவத்தில் எதிரணிக் குவாட்டர்பேக்கை அதிகம் சாய்த்த குழு அதுதான், 53 முறை. ஓசி உமென்யோரா 13, ஜஸ்டின் டக் 10, மைக்கேல் ஸ்ட்ரஹான் 9.

அதிலும் ஒரு நுணுக்கம். ஓரங்களிலிருந்து மட்டும் வந்தால் பிரேடி இரண்டடி முன்னே நகர்ந்து தப்பிவிடுவார். அந்த இரண்டடி இடம்தான் அவருடைய வீடு. ஆகவே ஓரத்தில் ஆடிப் பழகிய வேகமான டக்கை நடுவில் நிறுத்தி, வேகம் குறைந்த உள்வரிசைக் காவலரோடு மோதவிட வேண்டும். தற்காப்புப் பயிற்றுநர் ஸ்டீவ் ஸ்பக்னோலோ பருவத்தில் அவ்வப்போது செய்ததைத்தான் எழுதினேன், நானாகக் கண்டுபிடித்ததல்ல. போதாததற்கு, பிரேடி கணுக்காலில் பாதுகாப்புக் காலணியோடு நடந்த படம் அந்த வாரம் எல்லா இடத்திலும் வந்திருந்தது.

நான்காம் பக்கத்தில் ஒரு பழைய கதை. ஜனவரி 1991 சூப்பர் பவுலில் இதே ஜயண்ட்ஸ், புள்ளி மழை பொழிந்த பஃபலோ பில்ஸை 20–19 என்று வென்றது. பந்தைத் தங்கள் கையிலேயே 40 நிமிடத்துக்குமேல் வைத்துக்கொண்டது. எதிரணிக்கு ஆடவே நேரம் கொடுக்கவில்லை. அன்று ஜயண்ட்ஸின் தற்காப்பை வகுத்தவர் பில் பெலிச்சிக். 2008இல் அவர் எதிரே, பேட்ரியட்ஸின் தலைமைப் பயிற்றுநர்! அதே 1991 குழுவில் பந்து பிடிப்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் காஃப்லின். தான் செய்த பூட்டுக்குள் தானே மாட்டப் போகிறார் என்று எழுதியபோது எனக்கே புல்லரித்தது. பிராண்டன் ஜேக்கப்ஸ் பந்தோடு முட்டி முட்டி முன்னேறட்டும், கடிகாரம் ஓடட்டும் என்று முடித்தேன். ஈலை மேனிங் அந்தப் பருவத்தில் 20 முறை பந்தை எதிரணியிடம் பறிகொடுத்தவர் என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் அதன் பிறகு வந்த மூன்று ஆட்டங்களில் ஒரு முறைகூட இல்லை.

கடைசி வரி: "எனினும் நியூ இங்கிலாந்தே வெல்லும், 31–24."

அம்மா சாப்பாட்டு மேசையைத் துடைக்க வந்தவர் தாள்களை எடுத்துப் பார்த்தார். நின்றபடியே நான்கு பக்கத்தையும் படித்தார். யாருக்கு என்று கேட்கவில்லை. "எழுத்துப் பிழை ரெண்டு இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திருத்தினேன். ஸ்கேன் செய்து அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து மாமா என் கைப்பேசிக்கு அழைத்தார்.

"மருமகனே, நாலு பக்கமும் ஜயண்ட்ஸ் ஜெயிக்கும்னு எழுதியிருக்க. கடைசி வரியில மட்டும் ஏன் ஆளையே மாத்திட்ட?"

"எல்லாரும் அப்படித்தான் மாமா சொல்றாங்க. 12 புள்ளி வித்தியாசம் கொடுக்கறாங்க."

"எல்லாரும் சொல்றத நான் இங்கயே கேட்டுக்குவேன். அதுக்கு ஈப்போவுல இருந்து எழுதி வரணுமா? யாருக்குப் பயந்த?"

பதில் இல்லை என்னிடம். 18 வெற்றி பெற்ற குழு தோற்கும் என்று எழுதி, அது தப்பானால் சிரிப்பார்களே என்ற பயம்தான். சிரிப்பதற்கு இருந்தவர் அந்த ஒரே வாசகர். அதைக்கூட நான் யோசிக்கவில்லை.

ஆட்டம் நமக்குத் திங்கட்கிழமை காலை ஏழரைக்கு. பல்கலைக்கழகக் கணினிக் கூடத்தில், எழுத்து வடிவில் ஓடும் நிலவரத்தைத்தான் பார்க்க முடிந்தது. முதல் வரிகளிலேயே என் தாள் உயிர் பெற்றது. ஜயண்ட்ஸ் பந்தை எடுத்து 16 முயற்சிகள், 9 நிமிடம் 59 வினாடி வைத்திருந்தது. சூப்பர் பவுல் வரலாற்றிலேயே அவ்வளவு நீண்ட ஓட்டம் அதுவரை இல்லை. இடைவேளையில் 7–3, பேட்ரியட்ஸ் முன்னிலை. 589 புள்ளி எடுத்த குழு ஏழில் நின்றது. பிரேடி சாய்க்கப்பட்டார், டக். மீண்டும் சாய்க்கப்பட்டார், டக். இப்படி மொத்தம் ஐந்து முறை. பத்து மணி விரிவுரைக்கு நான் போகவில்லை.

நான்காம் கால்பகுதியில் மாமா அழைத்தார். ஜயண்ட்ஸ் 10–7, பிறகு பிரேடி மாஸுக்கு எறிந்து 14–10. மீதி 2 நிமிடம் 42 வினாடி. மூன்றாம் முயற்சி, தேவை 5 கெஜம். மாமாவின் கத்தல் காதைப் பிளந்தது. என்ன சொல்கிறார் என்று ஒன்றும் விளங்கவில்லை. சற்றுப் பிந்தி என் திரையில் ஒரு வறண்ட வரி வந்தது: மேனிங் எறி, டைரி, 32 கெஜம். அவ்வளவுதான். சட்டையைப் பிடித்து இழுத்த இருவரிடமிருந்து மேனிங் பிய்த்துக்கொண்டு வந்ததையும், டேவிட் டைரி பந்தைத் தன் தலைக்கவசத்தோடு அழுத்திப் பிடித்தபடி விழுந்ததையும் பல நாள் கழித்துத்தான் பார்த்தேன். அந்தப் பருவம் முழுவதும் டைரி பிடித்தவை நான்கே பந்துகள். என் நான்கு பக்கத்தில் அவர் பெயரே கிடையாது. 35 வினாடி மீதமிருக்கையில் பிளாக்சிகோ பர்ரஸ். 17–14.

பந்தை வைத்திருந்த நேரக் கணக்கைப் பிறகு பார்த்தேன். இரு குழுவும் ஏறத்தாழச் சரிபாதி. ஆக, நான்காம் பக்கத்தில் நான் புல்லரித்தெல்லாம் எழுதிய 1991 கதை அந்த முதல் ஓட்டத்தோடு தீர்ந்துவிட்டது. வென்று கொடுத்தது இரண்டாம், மூன்றாம் பக்கம்தான்.

மாமா மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கூடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எந்தத் துணிச்சலில் கேட்டேனோ, "மாமா, இதே சூட்டோட வீட்டுக்கு ஒரு போன் பண்ணுங்களேன். அம்மா இருப்பாங்க" என்றேன். மறுமுனையில் சத்தமில்லை. பிறகு இணைப்பு துண்டிக்கப்பட்டது.

மாலையில் வீட்டுக்கு அழைத்தேன். சாப்பிட்டாயா என்று வழக்கம்போல ஆரம்பித்தார் அம்மா. குரல் கொஞ்சம் கட்டியிருந்தது.

"அண்ணன் கூப்பிட்டாரு. ஒரு மணி நேரம் பேசுனாரு. பாதி நேரம் அந்தப் பந்து வெளையாட்டுதான், எனக்கு ஒண்ணும் புரியல." சற்று நிறுத்தினார். "அந்தக் கடைசி வரி ஒட்டலன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும். எழுத்துப் பிழைய மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன்."