ஐந்து பூச்சியில் மூன்று

பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல், முதல்நாள் மழையில் இன்னும் செருப்பில் அப்பிக்கொண்டிருந்தது. மக்காச்சோளம் முழங்கால் உயரம். வரப்போரக் கம்பில் தொங்கிய இனக்கவர்ச்சிப் பொறியின் பையைக் கழற்றி, விரித்த செய்தித்தாளில் உதறினார் அக்கா. ஐந்து பூச்சிகள் விழுந்தன. ஐந்தும் எனக்கு ஒன்றாகவே தெரிந்தன. அதே புழுதி நிறம், தொட்டால் விரலில் ஒட்டும் அதே தூள்.

"மூணுன்னா மருந்து, ரெண்டுன்னா வேண்டாம்" என்றார்.

மக்காச்சோளப் படைப்புழுவுக்கு நம் நாட்டில் வேளாண் துறையினர் சொல்லும் எல்லை அது. பயிர் இளசாக இருக்கும்போது ஒரு பொறியில் 3 அந்துப்பூச்சி விழ வேண்டும், அல்லது நூறு செடியில் 5 செடி கடிபட்டிருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் தெளிக்கும் மருந்து வீண், கூலியும் வீண், குளவிகளும் சிலந்திகளும் சாவதுதான் மிச்சம். அந்த "மூன்று" என்பது படைப்புழுவின் பூச்சி மூன்று. பையில் விழுந்ததெல்லாம் கணக்கில் சேராது.

அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். ஊரில் பன்னிரண்டு பேர் வயலுக்கு அவர்தான் பொறி பார்க்கிறார். ஈர்க்குச்சியால் முதல் இரண்டு பூச்சிகளை ஒதுக்கினார். "முன்றெக்கை நுனியில வெள்ளையா முக்கோணம் இருக்கு பாருங்க தம்பி. நடுவுல சாய்வா ஒரு வெளிர் கீத்து. இது அதேதான்." பின்றெக்கை வெள்ளியாய் மின்னுவதை நான் சுட்டியதும் தலையாட்டி மறுத்தார். "அத நம்பக் கூடாது. புரோடீனியாவுக்கும் பின்றெக்கை வெள்ளைதான்." படைப்புழுவின் நெருங்கிய உறவான வெட்டுப்புழுவை அப்படித்தான் சொல்கிறார்கள்.

மூன்றாவது வைக்கோல் நிறம், றெக்கை நடுவில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. புல்லிலும் கரும்பிலும் வளரும் மித்திம்னா வகை. படைப்புழுவுக்கு வைத்த இனக்கவர்ச்சி வாசனைக்கு இதுவும் ஏமாந்து வந்துவிடுகிறது. அக்கா அதற்குப் பெயர் சொல்லவில்லை. "இது வேற" என்று தள்ளிவிட்டார். அந்த இரண்டு சொல்லில் சந்தேகமே இல்லை.

நான்காவதும் ஐந்தாவதும்தான் சிக்கல். இரவெல்லாம் பைக்குள் அடித்துக்கொண்டதில் செதில் முழுக்க உதிர்ந்து, றெக்கை எண்ணெய்த்தாள் மாதிரி இருந்தது. அந்துப்பூச்சியின் நிறமும் கோடும் புள்ளியும் எல்லாம் அந்தச் செதிலில்தான். அது போனால் முகம் போன மாதிரி. அக்கா வெகுநேரம் பார்த்தார். "தெரியலன்னா தெரியலன்னுதான் எழுதணும்" என்று நோட்டில் 2 போட்டு, பக்கத்தில் இரண்டு கேள்விக்குறி வைத்தார். அவரிடம் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

படைப்புழு அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. 2016இல் மேற்கு ஆப்பிரிக்காவில் தென்பட்டது. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்கா வயல்களில் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டு நம் ஊர்களுக்கும் வந்துவிட்டது. ஒரே இரவில் 100 கிலோமீட்டர் பறக்கக்கூடியது. வந்த வருடம் அக்காவின் அண்ணன் அதைப் புரோடீனியா என்று நினைத்து, அந்தப் புழுவுக்கான வைரஸ் கரைசலை வாங்கி அடித்திருக்கிறார். அந்த வைரஸ் ஆள் பார்த்துக் கொல்வது. புரோடீனியாவைக் கொல்லும் சரக்கை நம்பிப் படைப்புழுவோடு மோத முடியாது. "குருத்து பூரா சல்லடையாப் போச்சு" என்றார் அக்கா. பெயர் தவறியதற்கு ஒரு குடும்பம் கொடுத்த விலை அது.

கேள்விக்குறிப் பூச்சிகள் இரண்டையும் மெல்லிய காகித உறையில் வைத்து எடுத்துக்கொண்டு அன்று மாலையே கோவை போனேன். ஓர் ஆய்வகத்தில் முப்பது ஆண்டுகளாகப் பூச்சி குத்தி, றெக்கை விரித்து, அடையாளம் பார்க்கும் ஐயா ஒருவர் இருக்கிறார். அவர் மேசைக்குப் பின்னால் ஹாம்ப்சனின் நான்கு தொகுதிகள். 1892 முதல் 1896 வரை வெளிவந்த இந்திய அந்துப்பூச்சி நூல். நீலகிரியில் தேயிலை போட வந்தவர் ஹாம்ப்சன். அந்த மலையில்தான் அவருக்குப் பூச்சிப் பித்துப் பிடித்தது. பக்கத்தில் 1914இல் பிளெட்சர் எழுதிய தென்னிந்தியப் பூச்சிகள். இரண்டிலும் படைப்புழு இல்லை. அது அப்போது கடல் தாண்டியிருக்கவில்லை.

ஐயா றெக்கையைப் பார்க்கவே இல்லை. நேராகக் கண்ணைப் பார்த்தார். நுண்ணோக்கியில் குனிந்தவர் ஒரு நிமிடத்தில் நிமிர்ந்து என்னை அழைத்தார். நான்காவது பூச்சியின் கண் முழுக்க மயிர், வெல்வெட்டுத் துணி போல. "மித்திம்னா. படைப்புழுவுக்கும் புரோடீனியாவுக்கும் கண் மொழுமொழுன்னு இருக்கும்." செதில் உதிர்ந்தாலும் கண்ணில் மயிர் நின்றது.

ஐந்தாவதின் கண் மொழுமொழு. அப்படியென்றால் படைப்புழுவாக இருக்கலாம், புரோடீனியாவாக இருக்கலாம், அதன் சின்னத் தங்கையான எக்சிகுவாவாகவும் இருக்கலாம். பின்றெக்கையின் அடிமுள் ஒற்றையாக இருப்பதைக் காட்டி, ஆண்தான் என்று முதலில் உறுதிசெய்தார். பெண்ணுக்கு அங்கே ஒன்றுக்கு மேல் இருக்கும். பிறகு வயிற்றுப் பகுதியைக் கிள்ளி எடுத்து, பத்து சதவீதக் காஸ்டிக் பொட்டாஷ் கரைசலில் போட்டார். சூடாக்கினால் சீக்கிரம் ஆகும். அவர் ஓர் இரவு ஊற விடுவார். "சதை மெல்லக் கரையணும் தம்பி. அவசரப்பட்டா உள்ளே இருக்கிறதும் வளைஞ்சுடும்."

மறுநாள் காலை கொழுப்பெல்லாம் கரைந்து கண்ணாடிக் குழல்போல் கிடந்தது வயிறு. தண்ணீரில் அலசி, பூனைமயிர் மாதிரியான தூரிகையால் மிச்சச் செதிலைத் துடைத்து, இரண்டு ஊசிமுனை இடுக்கிகளால் இனப்பெருக்க உறுப்பை வெளியே இழுத்தார். கை நடுங்காத அந்த இருபது நிமிடமும் நான் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தேன். வெளித்தோற்றத்தில் ஒன்றாக இருக்கும் இனங்கள் இந்த உறுப்பில் வேறுபடும். பூட்டும் சாவியும் போல என்று 1844இல் லியோன் டூஃபூர் சொன்ன விளக்கத்தை இன்று அப்படியே யாரும் ஏற்பதில்லை. ஆனால் அடையாளம் காண்பவர்களுக்கு அந்த வேறுபாடு இன்றும் கைகொடுக்கிறது. கிளிசரினில் இரண்டு மடல்களும் விரிந்தன. அகலமாக, ஏறக்குறையச் சதுரமாக.

"படைப்புழு" என்றார் ஐயா.

ஒரு காலை மட்டும் பிய்த்து ஆல்கஹால் குப்பியில் போட்டார். இந்தப் பூச்சியிலேயே மக்காச்சோளத்தை விரும்புவது, நெல்லை விரும்புவது என இரு வகை உண்டு. அதை எந்தக் கண்ணாலும், எந்த உறுப்பைப் பிரித்தும் சொல்ல முடியாது; மரபணுவைத்தான் கேட்க வேண்டும். "என் வேலை இந்த மேசையோட முடியுது" என்றவர், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் ஊர், நாள், பொறி எண் எழுதிய சீட்டை ஊசியில் கோத்தார். அதற்குக் கீழே கிளிசரின் குப்பி.

வெளியே வந்து அக்காவுக்குப் போன் செய்தேன்.

"ஒண்ணு அதேதான் அக்கா. மொத்தம் மூணு."

"சரி தம்பி, அப்ப ஊர்ல சொல்லிடறேன்" என்றார். "நான் விடியக்காலமே வயலுக்கு வந்துட்டேன். இலையில பஞ்சு மூடின மாதிரி முட்டைக் குவியல் கிடக்கு, இன்னும் பொரியல." ஒரு குவியலில் நூறு, இருநூறு முட்டை இருக்கும். அவர் பேசிக்கொண்டே இலைகளை விலக்கி நசுக்கிக்கொண்டிருந்தார்; சோளத்தாள் சலசலப்பது போனில் கேட்டது.