பதினாலாயிரம் போன பாதை

தை மாதம், நெல் அறுப்பு முடிந்த அன்று சாயங்காலம். வல்லத்திராக்கோட்டையில் கண்மாய்ப் பாசனத்தில் நாலரை ஏக்கர் போட்டிருந்த விவசாயி ஒருவர், வரப்பில் நின்றபடியே அறுவடை வண்டிக்கு வாடகை அனுப்பினார். பெல்ட் வண்டி, ஐந்து மணி நேரம், 14,000 ரூபாய். வண்டிக்காரர் வாயால் சொன்ன நம்பரை இவர் போனில் அடித்தார். திரையில் ஒரு பெயர் இங்கிலீஷில் வந்தது. வண்டி மச்சான் பேரிலோ, சம்சாரம் பேரிலோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ரகசிய எண்ணைப் போட்டுவிட்டார்.

பணம் போய்விட்டது. வண்டிக்காரர் போனுக்கு மட்டும் வரவில்லை.

நெட்வொர்க் இல்லாமல் இருக்கும் என்று கால் மணி நேரம் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டிலிருந்து வந்த மனைவிதான் போனை வாங்கிப் பார்த்தார். “ஏங்க, அண்ணன் நம்பர்ல கடைசிக்கு முந்துனது ஆறா, எட்டா?” ஆறு. இவர் அடித்தது எட்டு.

உடனே அந்த எட்டு நம்பருக்கே கூப்பிட்டார்கள். திருப்பூர்ப் பக்கம் ஒரு அம்மா எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும், “இந்த மாதிரி தப்பா அனுப்பிட்டேன், திருப்பி அனுப்புங்கன்னு யாராச்சும் கேட்டா அனுப்பாதம்மான்னு எம் மகன் சொல்லியிருக்கான்” என்று வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை.

அந்த அம்மாவைத் திட்டுவதில் நியாயம் இல்லை. மகன் சொன்னது சரியான புத்தி. பணம் வந்ததுபோல் பொய்யாக ஒரு குறுஞ்செய்தியை அனுப்பிவிட்டு, “தவறி வந்துவிட்டது, திருப்பிப் போடுங்கள்” என்று அழுது ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நிஜமாகவே பணம் வந்திருந்தாலும், அது வேறு யாரிடமோ திருடியதாக இருக்கலாம். தெரியாத பணம் கணக்கில் வந்தால் கேட்கிறவருக்கு நேரே அனுப்பக் கூடாது. தன் வங்கிக்குப் போய்ச் சொல்லி, வந்த வழியிலேயே திருப்பச் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை அவர் வங்கிக் கிளைக்குப் போனார். கவுன்டரில் இருந்த அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். “ஐயா, நம்பர் நீங்க அடிச்சது, பின் நீங்க போட்டது. எங்க கணக்குல இது சரியா போன பணம். அந்த அம்மா சம்மதிக்காம அவங்க கணக்குல யாரும் கை வைக்க முடியாது.”

விவசாயிக்குக் கோபம் வந்துவிட்டது. “டாக்ஸி ஓட்டுற பையன் கணக்குல 9,000 கோடி விழுந்தப்ப மட்டும் அரை மணி நேரத்துல எடுத்தாங்களே, யாருகிட்ட சம்மதம் கேட்டாங்க?”

டீக்கடையில் எத்தனையோ முறை பேசிச் சிரித்த கதை அது. 2023 செப்டம்பர் 9 அன்று, சென்னையில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்த பழனி பக்கத்து இளைஞர் ஒருவரின் கணக்கில் 9,000 கோடி ரூபாய் வரவானது. அனுப்பியது தூத்துக்குடியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. கணக்கில் அதற்கு முன் இருந்தது 105 ரூபாய். யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்த அவர், சோதித்துப் பார்க்க நண்பருக்கு 21,000 ரூபாய் அனுப்பினார், போய்ச் சேர்ந்தது. சுமார் அரை மணி நேரத்தில் மீதியை வங்கி எடுத்துக்கொண்டது. அந்த 21,000-க்காகத் தொடங்கிய பேச்சு, வக்கீல்களை வைத்துக்கொண்டு சமாதானத்தில் முடிந்தது.

விவசாயி கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது. இனிப்பான பதில் இல்லை. அங்கே தவறு வங்கியுடையது, பணமும் வங்கியுடையது, கணக்கும் அதே வங்கியில். தான் தப்பாக எழுதிய வரவைத் தானே அடித்துக்கொண்டது. இங்கே தவறு அனுப்பியவருடையது, கணக்கோ வேறு வங்கியில். வங்கிகளுக்கே இரண்டாவது வங்கி குறுக்கே வந்தால் கஷ்டம்தான். 2023 நவம்பர் 10 முதல் 13 வரை யூகோ வங்கியில் ஒரு தொழில்நுட்பக் கோளாறால் சுமார் 41,000 கணக்குகளில் 820 கோடி ரூபாய் தவறாக வரவானது. கணக்குகளை முடக்கி முதலில் மீட்டது 649 கோடி. மீதிக்கு சி.பி.ஐ. வரை போக வேண்டியிருந்தது.

ஆனால் ‘சம்மதம் வேண்டும்’ என்பதை, ‘பணம் அவர்களுக்கே சொந்தம்’ என்று புரிந்துகொள்ளக் கூடாது. 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 72-வது பிரிவு, தவறுதலாக வந்த பணத்தைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்றே சொல்கிறது. மாட்டேன் என்றால் நீதிமன்றம் போகலாம். 14,000 ரூபாய்க்கு எத்தனை வாய்தா நடப்பது என்பது வேறு கணக்கு.

அதிகாரி ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். பரிவர்த்தனை எண், தேதி, நேரம், அனுப்ப நினைத்த நம்பர், அனுப்பிய நம்பர் எல்லாம் வைத்து மனு. இன்னொரு பிரதியில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னவர், பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற ஆசிரியர். அந்தப் பிரதிதான் பிறகு உதவியது. போனில் இருந்த செயலியிலும் ‘தவறான கணக்குக்குப் போய்விட்டது’ என்று புகார் பதிவானது.

வண்டிக்காரர் காத்திருக்கவில்லை. அவருக்கு டீசல் கடன். மூன்றாம் நாள் மனைவியின் கம்மல் கூட்டுறவு சங்கத்துக்குப் போனது.

அந்த வீட்டில் வங்கித் தவறு புதிதும் இல்லை. இரண்டு வருடம் முன்பு கடலை விற்றதற்கு வியாபாரி ஒரு செக் கொடுத்தார். எண்ணில் 62,400 என்றிருந்தது. எழுத்தில் ‘அறுபத்திரண்டாயிரத்து நாற்பது’ என்றிருந்தது. 1881-ம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம் 18-வது பிரிவின்படி, எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்தில் உள்ளதுதான் தொகை. அதாவது 360 ரூபாய் போனாலும் மீதி வந்திருக்க வேண்டும். நடைமுறையில் அப்படி நடப்பது அபூர்வம்; ‘எண்ணும் எழுத்தும் ஒத்துவரவில்லை’ என்று செக்கைத் திருப்பிவிடுவார்கள். இவருக்கும் திரும்பியது. வியாபாரி ‘நாற்பது’ என்பதை அடித்து, மேலே ‘நானூறு’ என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அது பழைய காலத்துப் பழக்கம். இப்போது செக்கின் படம்தான் வங்கிக்கு வங்கி போகிறது. அந்த முறையில் தேதியைப் புதுப்பிப்பதைத் தவிர வேறு திருத்தம் செல்லாது. பேரிலோ தொகையிலோ ஒரு எழுத்து பிசகினாலும் புதுச் செக்தான். இரண்டாம் முறையும் திரும்பி, மூன்றாவது செக்கில் பணம் வந்தபோது அடுத்த பட்டத்துக்கு வம்பன் உளுந்து விதைத்து முளைத்திருந்தது.

திரும்பிய இரண்டு முறையும் அவர் கணக்கில் கட்டணம் பிடித்தார்கள். செக் திரும்பியதற்குத் தவறு வாடிக்கையாளருடையதாக இருந்தால் மட்டுமே கட்டணம் பிடிக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அவர் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே தெரியாது. செக்கின் ஆயுள் ஆறு மாதம் என்று இன்னும் நம்புகிறவர்களும் ஊரில் உண்டு. 2012 ஏப்ரல் 1 முதல் மூன்று மாதம்தான்.

இன்னொரு நம்பிக்கையும் பலருக்கு இருக்கிறது. கணக்கு நம்பர் தப்பானாலும், பேர் ஒத்துவராவிட்டால் வங்கி பணத்தை நிறுத்திவிடும் என்பது அது. நிறுத்தாது. மின்னணு முறையில் அனுப்பும் பணம் கணக்கு எண்ணை மட்டும் பார்த்தே வரவாகும் என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லிவிட்டது. எண்ணுக்கு அனுப்புகிறவரே பொறுப்பு. நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். வழியில் அனுப்புமுன் அந்த எண் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் வசதியை, 2025 ஏப்ரல் 1-க்குள் வங்கிகள் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில்தான் உத்தரவு வந்தது. போன் வழிப் பணத்தில் பெயர் முன்பே காட்டுகிறது. ஆனால் அதை இங்கிலீஷில் மட்டும் காட்டினால் யாருக்கு உதவும் என்பதை யாராவது யோசித்திருக்கலாம்.

இதிலேயே நம் கை ஓங்கிய தவறுகளும் உண்டு. போன் வழியில் அனுப்பிய பணம் நம் கணக்கில் கழிந்து எதிராளிக்குச் சேரவில்லை என்றால், அடுத்த நாளைக்குள் தானாகத் திரும்ப வேண்டும். ஏ.டி.எம்.மில் நோட்டு வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால் ஐந்து நாள். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி நமக்குத் தர வேண்டும். 2019 செப்டம்பரில் வந்த விதி. நமக்குத் தெரியாமல் யாரோ பணத்தை எடுத்துவிட்டால் 1930-க்கு உடனே போன் போட்டு, வங்கியிலும் எழுதிக் கொடுக்க வேண்டும். நம் கவனக்குறைவும் இல்லாமல், வங்கியின் தவறும் இல்லாமல் நடந்திருந்தால் மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னவருக்கு நட்டம் இல்லை. தாமதிக்கத் தாமதிக்க நட்டம் நம் தலையில். வங்கிக்குக் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். விவரம் கேட்க 14448.

வல்லத்திராக்கோட்டைக்காரர் அதுவரை போகவில்லை. ஆனால் முத்திரை போட்ட பிரதியோடு நான்கு முறை கிளைக்குப் போனார். மூன்றாவது தடவை, “தேதி ஆயிட்டே போகுதும்மா, முப்பது நாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கு” என்றார். அதற்கப்புறம்தான் திருப்பூர் வங்கிக்கு நினைவூட்டல் போனது. அங்கிருந்து அந்த அம்மாவைக் கூப்பிட்டார்கள். வங்கியே கூப்பிட்டதும் அவருக்குப் பயம் போய்விட்டது. மகனையும் கூட்டிக்கொண்டு போய் எழுதிக் கொடுத்தார். இருபத்து மூன்றாம் நாள் 14,000 திரும்பி வந்தது. கம்மலுக்கு வட்டி இவர் கைக்காசு.

திருப்பூர் அம்மாவுக்கு நன்றி சொல்லக் கூப்பிட்டார்கள். இந்த முறையும் அவர் எடுக்கவில்லை.

இப்போது அவர் யாருக்கு அனுப்பினாலும் முதலில் ஒரு ரூபாய் அனுப்புகிறார். “ஒரு ரூவா வந்துச்சாண்ணே?” என்று கேட்டு, எதிரே நிற்கிறவர் தன் போனை எடுத்துக் காட்டிய பிறகுதான் மீதி. உரக்கடையில் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர், போன வாரம் அதே மாதிரி ஒரு ரூபாய் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.