குனிந்து பார்க்க வேண்டிய நாற்காலி

பழைய படாக் மர நாற்காலியை வாங்குவதா, அதே அச்சில் புதிதாகச் செய்யச் சொல்வதா? அந்தமானின் போர்ட் பிளேரில், 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய ஊரில், பட்டறை பட்டறையாக இதைத்தான் கேட்டுக்கொண்டு நடந்தேன்.

படாக், நம் வேங்கைக்கும் செஞ்சந்தனத்துக்கும் பங்காளி. அறுத்த புதிதில் ரத்தச் சிவப்பு. வெளிச்சம் பட்டுப் பட்டு வருடக்கணக்கில் பழுப்பாகிவிடும். 1883இல் தொடங்கிய சாத்தம் மர அறுவை மில் இதைக் கடல் கடந்தும் அனுப்பியது. அந்தக் காலத்தில் காட்டில் மரம் வெட்டியவர்கள் தண்டனைக் கைதிகள். பழைய மேசையின் பளபளப்பை மெச்சும்போது அந்த முதுகுகளும் என் நினைவுக்கு வராமல் இல்லை.

ராமநாதபுரத்திலிருந்து அப்பா காலத்தில் வந்து குடியேறிய ஒரு தச்சர், நான் கைகாட்டிய சாய்வு நாற்காலியைத் தூக்கிக் கவிழ்த்துப் போட்டார்.

“வாங்க வர்றவங்க மேல தடவிப் பார்ப்பாங்க தம்பி. குனிஞ்சு அடியில பார்க்கிறவன்தான் ஏமாற மாட்டான்.”

அடிப்பக்கத்தில் கைரம்பம் போன கோணல் தடங்கள் இருந்தன. கட்டையின் முனையைச் செதுக்கி இன்னொன்றின் துளைக்குள் இறக்கி, மர ஆணி அடித்த மூட்டுகள். மறைவான இடத்தில் உளியால் மெல்லச் சுரண்டினார்; பழுப்புக்குள்ளிருந்து சிவப்பு எட்டிப் பார்த்தது. பழசு என்று சொல்லி விற்கிற சாமான் முழுக்கச் சிவந்திருந்தால் சந்தேகப்படச் சொன்னார். ஒன்று, நேற்று இழைத்திருப்பார்கள், இல்லை, சாயம். மரத்தின் நடு வைரத்தைச் சுற்றியுள்ள வெளிர்ப் பகுதிக்குத்தான் சாயம் ஏற்றுவார்கள். பூச்சி முதலில் ஏறுவதும் அங்கேதான்.

புதிதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அதே பட்டறையில் இளைஞர் ஒருவர் பிடித்த கடைசல் கால், பழைய காலுக்கு எந்த விதத்திலும் தாழ்ந்ததல்ல. மரம் சரியாக உலர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஈரம் குடித்து வாழும் தீவிலிருந்து மதுரை வெயிலுக்குப் போகிற நாற்காலி, அரைகுறையாக உலர்ந்திருந்தால் மூட்டு விட்டுப்போகும்.

ஆனால் மரம் எங்கிருந்து வரும்? தீவுக் காடுகளை ஆராய்ந்த சேகர் சிங் ஆணைய அறிக்கைக்குப் பின் 2002இல் உச்ச நீதிமன்றம் இங்குள்ள இயற்கைக் காட்டை வணிகத்துக்காக வெட்டுவதை நிறுத்தியது. அதற்கு வழிவிட்ட வழக்கு, நம் கூடலூர்ப் பக்கத்துக் காட்டழிவை எதிர்த்து 1995இல் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்தது. தீவுவாசிகளின் தேவைக்கு மட்டும் அளவோடு வெட்டுகிறார்கள். பட்டறைகளுக்கு வேலை சுருங்கியது உண்மை. அந்த வலியை அவர்கள் மறைக்கவில்லை. இருந்தும் அந்தத் தீர்ப்பு சரியென்றே நினைக்கிறேன்.

அதனால் என் முடிவு: பழசை வாங்கலாம், ஆனால் கடையிலிருந்து நேரே வீட்டுக்குக் கொண்டுபோகாமல் தச்சரிடம் கொடுத்துச் செப்பனிட்டு வாங்கவேண்டும். உடைந்த கட்டில் சட்டத்திலிருந்து புதுக் கை வைத்து, பிரம்பு பின்னி, அரக்கு பாலிஷ் போட்டுத் தருகிறார்கள். வெட்டிய மரம் வீணாகாது, இளைஞனுக்குக் கூலியும் கிடைக்கும். செய்நேர்த்திக்கான கூலியில் பேரம் பேசாதீர்கள். தீவைவிட்டு எடுத்துப்போக வனத்துறை அனுமதிச் சீட்டு வேண்டும். பழசுதானே என்று அதை விட்டுவிடாமல், ரசீதோடு முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.