சுத்தியல் பிடித்த கைகள்
பெர்ராரி 250 ஜி.டி.ஓ. என்னும் இத்தாலியப் பந்தயக் கார்கள் 1962 முதல் 1964 வரை 36 மட்டுமே செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்று 2018இல் கலிபோர்னியாவில் 4 கோடியே 84 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. அதனை உடைமை கொண்டோர், ஓட்டியோர் பெயர்களெல்லாம் ஆண்டுவாரியாகப் பதிவாகியுள்ளன. அவ்வரலாற்றிலே நாம் தேடியது வேறு பெயர்களை.

மொடெனா நகரின் ஸ்காலியெத்தி பட்டறையில், அலுமினியத் தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டி உடற்கூடு சமைத்தோர் யாவர்? 1964இல் அதே காருக்குப் புதுக்கூடு பூட்டியோர் யாவர்? பழைய கார்களை இன்று செப்பனிடுவோரும் அக்கைகளின் தொழிலையே மீளக் கற்கவேண்டியுள்ளது.

2019இல் பொலோஞா நீதிமன்றம் இக்காரின் வடிவத்தைக் கலைப்படைப்பு என ஏற்றது. நன்று. ஆயின், வாங்கியவன் பெயர் வரலாறாகவும் வனைந்தவன் பெயர் மறதியாகவும் போவதை நாம் எங்ஙனம் ஏற்பது?