வேதாளம் கேட்ட கேள்வி

அச்சத்திலும் ஓர் இன்பம் உண்டு. இருளைக் கண்டு நடுங்கும் குழந்தையே, இருள் சூழ்ந்த பின்னர்ப் பேய்க்கதை சொல்லும்படி பாட்டியை நச்சரிக்கிறது. அஞ்சுவதற்கு ஒரு பேயும், அவிழ்ப்பதற்கு ஒரு புதிரும் ஒரே இடத்தில் கிடைத்துவிட்டால், அந்த இன்பம் இருமடங்காகிறது. உள்ளம் நடுங்கும், அறிவோ விழித்திருக்கும். இரண்டுக்கும் இடையே நிகழும் போராட்டமே சுவை.

இதனை உணர்வதற்கு, புக்கிட் செலம்பாவில் வாழும் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவருக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டன.

அவர் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். வீட்டுக்குப் பின்னால் பால்மரங்கள். அவற்றுக்கு அப்பால் வடமேற்கே ஜெராய் மலை. மாலை மங்கியதும் வாழைமரத்தருகே செல்லாதே என்று பெரியவர்கள் எச்சரிப்பார்கள். அங்கே பொந்தியானாக் நிற்குமாம். பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணே இரத்தம் குடிக்கும் அப்பேயாக அலைகிறாள் என்பது மலாய் மக்களின் நம்பிக்கை. அடுத்தடுத்து வாழ்ந்த மக்கள் அச்சத்தையும் பகிர்ந்துகொண்டனர். 1957ஆம் ஆண்டில் பொந்தியானாக் திரைப்படமாக வந்தபோது, அதனை இயக்கியவர் பி. என். ராவ் என்னும் இந்தியரே.

கெடா மண்ணுக்கோ தனக்கென்றே ஒரு கதை உண்டு. அதுதான் ராஜா பெர்சியோங் என்னும் கோரைப்பல் மன்னனின் கதை. கெடாவின் பழங்கதையாகிய மேரோங் மகாவங்சா அதனைக் கூறுகிறது. அரண்மனைச் சமையற்காரியின் விரல் அறுபட்டு, ஒரு துளி இரத்தம் கீரைக்குழம்பில் விழுந்துவிடுகிறது. அன்றைய குழம்பு மன்னனுக்கு மிகவும் சுவைக்கிறது. காரணத்தைத் துருவிக் கேட்டு அறிகிறான். பின்னர் மனித இரத்தத்தையே நாடுகிறான். அவனுக்குக் கோரைப்பல் முளைக்கிறது. இறுதியில் குடிமக்கள் பொறுக்கமாட்டாமல் எழ, அவன் ஓடிப்போகிறான். அவன் தன் பல்லைப் பிடுங்கி எறிந்த இடமே பாலிங் என்று ஊரார் சொல்வர். மலாய் மொழியில் பாலிங் என்றால் எறிதல். நாட்டின் முதற்பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் எழுதிய இக்கதை 1968ஆம் ஆண்டில் திரைப்படமாயிற்று.

இவ்வாறு இரத்தம் குடிக்கும் மன்னனும் பேயும் உலவிய மண்ணில் வளர்ந்த அச்சிறுவனுக்கு, அச்சத்தைப் போக்கிய நூல் ஒன்று வாய்த்தது. அது 1947இல் தொடங்கிய அம்புலிமாமா இதழ். தோட்டத்துக் கிராணி வீட்டிலிருந்து பழைய இதழ்கள் லயத்துக்கு வரும். மண்ணெண்ணெய் விளக்கின் அடியில் அவற்றைப் படிப்பான். தோளில் பிணம், கையில் வாள், சுற்றிலும் சுடுகாடு; அஞ்சாமல் நடக்கும் விக்கிரமாதித்தன். அந்தப் பிணத்துக்குள் இருந்து வேதாளம் பேசும். ஆனால் அது இரத்தம் கேட்பதில்லை. கேள்வி கேட்கிறது! பேயிடமிருந்து தப்புவதற்கு வேலும் வாளும் வேண்டா, சிந்தனை போதும் என்பதை அச்சிறுவன் அங்கேதான் கற்றான்.

வேதாளக் கதைகள் மிகப் பழமையானவை. பதினோராம் நூற்றாண்டில் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரத்திலேயே அவை இடம்பெற்றுள்ளன. 1870ஆம் ஆண்டில் ரிச்சர்டு பர்ட்டன் அவற்றுள் சிலவற்றை ஆங்கிலத்தில் தந்தபோது, வேதாளத்தை இரத்தக் காட்டேரி என்றே தலைப்பில் குறித்தார். பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா வெளிவந்தது அதன்பின் 27 ஆண்டுகள் கழித்து, 1897இல். ஆக, மேனாட்டார் இரத்தக் காட்டேரியை ஈட்டியால் குத்தக் கற்பதற்கு முன்பே, நம்மவர் அதனோடு வாதம் செய்யக் கற்றிருந்தனர் எனலாம்.

காலம் உருண்டோடியது. சிறுவன் ஆசிரியரானார். தோட்டங்களில் பால்மரங்கள் சாய்ந்து செம்பனை நிமிர்ந்தது. அவர் ஓய்வும் பெற்றார். பள்ளி விடுமுறைக்கு வந்த பேரன் கணினியின் முன் அமர்ந்து எழாமல் இருப்பதைக் கண்டபோது, அவருக்குச் சினம் மூண்டது. திரையில் பாழடைந்த கோட்டை, மங்கிய விளக்கு, எங்கோ ஓநாயின் ஓலம்.

“இரத்தம் குடிக்கிற பேயோடு என்னடா விளையாட்டு?” என்றார்.

“பேயோடு சண்டை இல்லை, தாத்தா. இந்தக் கதவைத் திறக்க வேண்டும். அதற்கு வழி இந்தக் கடிதத்தில் இருக்கிறது. கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள்” என்றான் பேரன்.

அவர் உட்கார்ந்தார். பேரன் ஒரு விடையை முயன்றான், கதவு திறக்கவில்லை. மீண்டும் முயன்றான், திறக்கவில்லை. ஏழெட்டு முறை தோற்றான். ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே, “சரி, இது இல்லை” என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டான். அவனைத் திட்டுவார் எவருமில்லை. கோட்டையும் அவனுக்காகப் பொறுமையோடு காத்திருந்தது.

இத்தகைய விளையாட்டுகள் நேற்றுத் தோன்றியவை அல்ல. 1979ஆம் ஆண்டில் ஸ்காட் ஆடம்ஸ் என்னும் அமெரிக்கர் ‘தி கவுண்ட்’ என்னும் விளையாட்டை உருவாக்கினார். அதில் படம் முக்கியமன்று; எழுத்தே முக்கியம். டிராகுலாவின் கோட்டையில், ஒரு கட்டிலில் ஆடுபவர் கண்விழிக்கிறார். என்ன செய்ய வேண்டும் என்பதை இரண்டே சொற்களில் கணினிக்கு எழுத வேண்டும்: ஒரு வினை, ஒரு செயப்படுபொருள். தமிழாசிரியர்கள் இதனைக் கேட்டால் மகிழ்வர். பேயை வெல்ல இலக்கணம் உதவிய விளையாட்டு அது! 1986இல் ஜப்பானில் தோன்றிய காசில்வேனியாவில் வீரன் சவுக்கால் அடித்துக்கொண்டே முன்னேறுகிறான்; அது கைவேகத்தின் விளையாட்டு. 2008இல் வந்த டிராகுலா தொடரின் மூன்றாம் விளையாட்டோ வேறு வகை. 1920ஆம் ஆண்டில், மறைந்த பெண் மருத்துவர் ஒருவரைப் புனிதர் எனலாமா என்று ஆராய, வாத்திகனிலிருந்து திரான்சில்வேனியச் சிற்றூருக்கு ஒரு பாதிரியார் வருகிறார். சான்றுகளைத் தேடுவதும் படிப்பதும் ஆராய்வதுமே அவர் தொழில். ஆடுபவரும் அவரோடு மாணவராகிறார்.

பேரனின் அருகில் அமர்ந்திருந்த ஆசிரியருக்கு வேதாளத்தின் நிபந்தனை நினைவுக்கு வந்தது. மன்னன் வாய் திறந்தால் வேதாளம் பறந்துபோய்விடும். விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் மன்னனின் தலை வெடித்துவிடும். இளமையில் அவர் முதற்பகுதியைத்தான் துன்பம் என்று எண்ணியிருந்தார். உழைப்பு வீணானால் நாமும், “வேதாளம் மீண்டும் முருங்கைமரம் ஏறிவிட்டது” என்று சலித்துக்கொள்கிறோம் அல்லவா? ஆனால் வேதாளம் மரம் ஏறியதால் மன்னன் இழந்தது என்ன? சற்று நடை. பெற்றது என்ன? மற்றுமொரு கதை, மற்றுமொரு கேள்வி. உண்மையான தண்டனை இரண்டாம் பகுதியிலேயே இருக்கிறது. தெரிந்ததைச் சொல்லாமல் அடக்கிக்கொள்பவனின் தலைதான் வெடிக்கிறது.

அந்த எண்ணம் தோன்றியதும் அவர் மனம் பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றது. அவர் வகுப்பில் கடைசி வரிசையில் ஒரு மாணவன் இருந்தான். பால்வெட்டுத் தொழிலாளியின் மகன். ஒருநாள் கேட்ட கேள்விக்கு அவன் தவறான விடை சொன்னான். வகுப்பே சிரித்தது. ஆசிரியர் சிரிப்பை அடக்கவில்லை, பிரம்பை எடுத்தார். “தெரியாவிட்டால் வாயை மூடிக்கொண்டிரு” என்றார். அவன் அதன்படியே நடந்தான். ஆண்டு முடியும்வரை வாய் திறக்கவேயில்லை. எழுத்துத் தேர்வில் ஒருமுறை, வகுப்பில் எவரும் சொல்லாத விடையை அவன் சரியாக எழுதியிருந்தான். அதனை அவன் முன்னரே அறிந்திருந்தும் சொல்லாமல் இருந்தானா? ஆசிரியர் அன்று அதனைக் கேட்கவில்லை. மதிப்பெண்ணை இட்டுவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார்.

ஒரு பேய்க்கோட்டை தன் பேரனுக்குத் தரும் உரிமையைத் தம் வகுப்பறை அந்த மாணவனுக்குத் தரவில்லையே என்று அவர் வருந்தினார். தவறுவதற்கும், தவறியபின் திரும்பி வருவதற்கும் உள்ள உரிமை அது. கற்பித்தல் என்பது பெரும்பாலும் இதுதானே! விடையைத் தருவதற்கு நூல்கள் உள்ளன. மீண்டும் முயல்வதற்குத் துணிவைத் தருவதற்கே ஆசிரியர் தேவைப்படுகிறார்.

அன்றிரவு பேரனிடம் அவர் வேதாளக் கதையைச் சொன்னார். வாணிப மகனும் வேந்தனும் வரும் கதைகளைக் கேட்டுப் பேரன் விடை தேடினான். தாத்தாவோடு வாதிட்டான். அவன் சொன்ன விடைகள் விக்கிரமாதித்தன் சொன்னவை அல்ல. ஆயினும் அவற்றுக்கும் காரணம் கூறினான். தமிழில் நான்கு வாக்கியம் தொடர்ந்து பேசத் தயங்கும் பிள்ளை, பேயை முன்னிட்டு அரைமணி நேரம் தமிழில் வாதிட்டதைக் கண்டு ஆசிரியர் உள்ளம் நெகிழ்ந்தார். விடுமுறை முடியும்வரை, பகலில் கோட்டையும் இரவில் சுடுகாடுமாக அவர்களின் பொழுது கழிந்தது. கோட்டையின் கடைசிக் கதவைத் திறந்த நாளில் இருவருமே கூவிவிட்டனர்.

வேதாளத்தின் கடைசிப் புதிருக்கு விக்கிரமாதித்தன் விடை சொல்லவில்லை. தந்தை மகளையும், மகன் அவள் தாயையும் மணந்தால், அவர்களின் பிள்ளைகளுக்குள் என்ன உறவு? மன்னனுக்கு உண்மையாகவே தெரியவில்லை. அதனால் மௌனமாக நடந்தான். அந்த நேர்மையான மௌனத்தை மெச்சியே வேதாளம் அவன் உயிரைக் காக்க வழி சொன்னது. தெரியாமையின் மௌனம் வேறு. அச்சத்தின் மௌனம் வேறு. முன்னதை மதிக்க வேண்டும். பின்னதை உடைக்க வேண்டும்.

அக்கடைசி வரிசை மாணவன் இன்று ஐம்பதைத் தொட்டவர். சுங்கைப்பட்டாணியில் பாரவண்டி ஓட்டுகிறார். சந்தையில் எதிர்ப்பட்டால், “வணக்கம் ஐயா” என்று கைகூப்பி நிற்பார். “அன்று உனக்கு விடை தெரியுமா?” என்று கேட்க வேண்டும் என ஒவ்வொரு முறையும் ஆசிரியர் எண்ணுகிறார். நலம் விசாரித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். பேரனோ கோட்டையில் ஏழெட்டு முறை தோற்றும் அஞ்சவில்லை. அடுத்த சந்தை நாளில், தாத்தாவும் அஞ்சாமல் கேட்டாக வேண்டும்.